மூணுதரம் தின்ற நீலப் பழம்

ஒரு ஆங்கிலக் கட்டுரையின் கடைசிப் பத்தியைச் சோம்பலால் படிக்காமல் விட்டேன். அதனால் கோட்டைக்குப்பத்தில் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். தவறு என்னுடையதுதான்.

அவரை எல்லோரும் 'மூணுதரம்' என்றுதான் அழைப்போம். ஏரிக்கரையில் மீன் ஏலம் விடுபவர். அவர் குரலுக்குப் பயந்தே பூநாரைகள் தள்ளி நின்று மேயும். வீட்டிலும் ஏலம்தான். "சோறு ஒருதரம், சோறு ரெண்டுதரம்" என்பார். மூன்றாவதற்குள் தட்டு வந்துவிடும்.

நெஞ்சுவலி வந்து அவர் மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்த நேரம். யாரோ அனுப்பிய கட்டுரையைக் கைபேசியில் நீட்டினார்.

"சார், இன்னாமோ நீலப் பழம் போட்டுகீது. பட்ச்சி சொல்லு."

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். மதியத் தூக்கம் கண்ணைச் சொருகியது. "புளூபெர்ரி. தினம் ஒரு கைப்பிடி சாப்ட்டா இதயத்துக்கு நல்லதாம். ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க."

"நம்மூர்ல கெடைக்குமா?"

"நாவப்பழம் மாதிரிதான் இருக்கும். போய்யா."

போனார். கைப்பிடியாவது! கூடைகூடையாக நாவல் பழம் தின்றார். நாக்கு, பல், மீசை எல்லாம் ஊதா.

"இன்னாண்ணே, மை பாட்டில முழுங்கிட்டியா?" என்றாள் நண்டு வாங்கும் முனியம்மா.

"ஆராய்ச்சிமே இது. ஒனக்கின்னா தெரியும்?"

பழமே போதுமென்று மாத்திரையை அவர் அடியோடு நிறுத்தியது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு காலை, முனியம்மா கேட்ட விலைக்கு நண்டுக் கூடையை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். "ஒருதரம்… ரெண்டுதரம்…" அதோடு குரல் நின்றது. மார்பைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தார். ஏலம் விட்டவர் வாயால் மூன்றாம் தரம் வராமல் கூடை கைமாறாது. அது இந்தக் கரையின் வழக்கம். கரையே நண்டை மறந்து அவரைத் தூக்கியது. பொன்னேரிக்கு விரைந்த ஆட்டோவில், திருப்பாலைவனம் தாண்டும்போது கண் திறந்தார்.

"மூணுதரம்… நண்டு முனியம்மாவுக்கு."

"நண்டு கெடக்குது! நீ பொழச்சி வாண்ணே!" என்று அவர் தலையை மடியில் வைத்திருந்த முனியம்மா அழுதாள்.

பிழைத்தார். நான் விட்ட கடைசிப் பத்தியை மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து படித்துச் சொன்னேன்: பழம் மருந்துக்கு ஈடல்ல, மாத்திரையை நிறுத்தக் கூடாது. மன்னிப்புக் கேட்டு, சென்னையில் தேடி வாங்கிய நிஜப் புளூபெர்ரியைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தார்.

"இதுக்கா சார் இம்மாம் ஆராய்ச்சி? நம்ம நாவப்பழமே ஜோரா கீதே!"

இப்போது தினமும் ஏலத்துக்கு முன் கரைக்குப் போகிறேன். அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, "ஒருதரம், ரெண்டுதரம்" என்று கூவிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவதை நான் சொன்னால்தான் விழுங்குவார்.

மழையானாலும் நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.