ஏழு மணங்குப் பாவாயி

"அம்மிணி, ஆடாம உக்காருங்க. தராசு ஆடுனா எடை தப்பா வந்துரும்" என்றார் உப்பு வியாபாரி அருணாசலம்.

பாவாயி ஆடவில்லை. தட்டுதான் ஆடியது. பலாமரக் கிளையில் தொங்கிய பெரிய தராசின் ஒரு தட்டில் அவளைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். மறு தட்டில் அருணாசலம் எடைக்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சந்தைக்கு வந்த கூட்டம் உப்பு வாங்குவதை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஏழு மணங்கு!" என்று அவர் தண்டோரா போடுகிறவர்போலக் கத்தினார்.

"மெதுவாச் சொல்லுங்க. காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் கேட்டுரப்போகுது" என்றாள் பாவாயி.

அவள் போக வேண்டிய ஊரும் அதுதான். மலையடிவாரத்து ஊர். மகள் சின்னாயியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டியவள்; கால் வீங்கியிருப்பதால் மலையேறக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். "எங்கம்மா வந்தாத்தான் பெத்துக்குவேன்" என்று மகள் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த விஷயத்தில் யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. பாவாயிக்குத் தெரியும்.

பாவாயிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மிளகு பறிக்க மரமேறி விழுந்து பல வருஷமாயிற்று. வீட்டுக்கும் களத்துக்கும் போய்வர ஒரு சக்கர நாற்காலி வைத்திருந்தாள். அது காப்பித்தோட்டத்து வாதநோய்க்காரத் துரை ஒருவருடையது. ஜெர்மன் சண்டை தொடங்கியதும் சீமைக்குப் போனவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். சமதரையில் அது குதிரை மாதிரி ஓடும். மலைப்பாதையில் யாராவது அதைத்தான் தூக்க வேண்டும். நாற்காலியைத் தலையில் சுமந்துவரப் புருஷன் சென்றாயன் ஒப்புக்கொண்டான். பாவாயியைச் சுமக்க டோலிக்கார மாதன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஆறு மணங்குக்கு மேல மூங்கில் தாங்காதுங்கக்கா" என்றான் மாதன். "போன வருஷம் ஒரு மாப்பிள்ளையத் தூக்கிட்டு வந்தமுங்க. பாதி வழியில முறிஞ்சு, பள்ளத்துல ஒரு மரத்துல போயித் தொங்குனாரு."

"கல்யாணம் நடந்துதா?"

"நடந்துச்சுங்க. பொண்ணு சிரிப்ப அடக்கத் தலையக் குனிஞ்சுது. அடக்கமான பொண்ணுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

பாவாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு மணங்கக் குறைச்சுட்டு வாங்க. தூக்கறேன்" என்றான் மாதன், ஏதோ தலையிலிருந்து பேன் எடுத்துப் போடச் சொல்கிறவன்போல.

அந்த எடையைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மலைக்கு எடை என்றால் அருணாசலம்தான். சந்தைதோறும் கீழேயிருந்து உப்பு கொண்டுவந்து விற்பார். உப்பு தீர்ந்ததும் மிளகு வாங்குவார். அவரிடம் வாங்கிய உப்பு அடுத்த சந்தை வரைக்கும் வந்ததில்லை. பனியில் கரைந்துவிடும் என்பார். வீட்டில் நிறைய இருந்த மிளகு சந்தைக்கு வந்ததும் குறைந்துவிடும். வழியில் வெயிலுக்குச் சுண்டிவிடும் என்பார். படித்தவர். சரியாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து பாவாயிக்குச் சாமைக் கஞ்சிதான், அதிலும் தண்ணீர்தான் அதிகம். சென்றாயன் துணையாக நின்றான். அவளுக்கென்று கிண்டிய களியையும் அவனே சாப்பிட்டான்.

"வீணாப் போகக்கூடாது பாரு" என்றான்.

"எனக்குன்னு கிண்டாமலே இருக்கலாமுங்களே."

"பழக்கத்த உடனே மாத்துனா ஒடம்புக்கு ஆகாது புள்ளே" என்றான். யார் உடம்புக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற தெம்பில்லை.

பக்கத்து வீட்டு இருசாயி ஒரு சட்டி நிறையக் கொள்ளுத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிங்கக்கா. குதிரை இதத் தின்னுதான் கொழுப்பில்லாம இருக்குது."

"குதிரை ஓடுது இருசாயி. நான் உக்காந்திருக்கேன்."

இருந்தாலும் குடித்தாள். அன்று முழுவதும் வயிற்றுக்குள் இடி இடித்தது. ஒரு இடியைக் கேட்டு, மழை வருகிறதென்று சென்றாயன் களத்தில் காய்ந்த தினையை அவசரமாக அள்ளி மூட்டை கட்டினான். வானம் வெளுத்துக் கிடந்தது. அவன் வானத்தையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். மூட்டையை மறுபடி அவிழ்த்தான்.

"குதிரை ஓடுதில்ல? நானும் ஓடறேன்" என்று முடிவுசெய்தாள் பாவாயி.

காலையில் பனி விலகியதும் நாற்காலியைக் களத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். சக்கரத்தைக் கையால் தள்ளிக் களத்தை வட்டமாகச் சுற்றினாள். உள்ளங்கை கொப்பளித்துத் தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. ஆனாலும் காற்று முகத்தில் அடித்தது. அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது.

இருசாயி வேலியோரம் நின்று பார்த்தாள். அவள் சும்மா பார்க்கிறவள் அல்ல.

"ஏனுங்கக்கா, எங்க மாட்டுக்குக் குளம்புல புண்ணு. நீங்க சுத்தறது சும்மா சுத்தறதுதானே? ரெண்டு கட்டு கேவுருக் கதிர இதுல பரப்பிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்பதற்குள் பரப்பிவிட்டாள். சக்கரம் ஏறிய இடத்திலெல்லாம் கேழ்வரகு உதிர்ந்தது. மறுநாள் ஊரே கதிரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. யார் கதிர் முதலில் என்று சண்டை வேறு.

"அக்கா, இந்த ஓரத்துல நல்லா மிதிபடலீங்க!"

"கொஞ்சம் வேகமாப் போங்கக்கா, பொழுது ஏறுது!"

"ஏய், என் வாய்க்கு ஒரு கூடையக் கட்டிருங்க. கதிரத் தின்னுருவேன்" என்றாள் பாவாயி. யாருக்கும் கோபம் புரியவில்லை. நல்ல யோசனை சொன்னதுபோல் சிரித்தார்கள்.

மாட்டுக்காவது தீனி போட வேண்டும், மனுஷிக்குப் போடாமல் இருக்கலாமா என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். பலாச்சுளையும் தேனும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் வீட்டில் குவிந்தன. பாவாயி தொடவில்லை. சென்றாயன் தொட்டான். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல், "இந்த வேட்டி தண்ணியில சுருங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த சந்தையில் மறுபடி தராசில் ஏற்றினார்கள்.

"ஏழு மணங்கு, மேல ஒரு வீசை!"

"ஏறிருச்சுங்களா?" என்றாள் பாவாயி. எட்டு வீசை குறைந்தால்தான் ஒரு மணங்கு குறையும்.

இருசாயி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஏறாம என்ன பண்ணும்? கையப் பாருங்க, உலக்கையாட்டம். ஊரு கதிரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது."

மாதன் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

பாவாயி சாமைக் கஞ்சியையும் பாதியாக்கினாள். களத்தில் சுற்றும்போது கண் இருட்டியது. "உப்பாப் பொறந்திருந்தா பனியில கரைஞ்சிருப்பேன். மொளகுமணியாப் பொறந்திருந்தா வெயில்ல சுண்டியிருப்பேன். மனுஷியாப் பொறந்துட்டேன், ஒண்ணுக்கும் அசைய மாட்டேங்குது" என்றாள்.

அதற்கடுத்த சந்தையன்று விடியும்போதே கீழேயிருந்து ஆள் வந்துவிட்டான். சின்னாயிக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறதாம். அழுதுகொண்டே இருக்கிறாளாம்.

சென்றாயன் நாற்காலியைத் தலையில் ஏற்றிப் பார்த்து, மூச்சு வாங்கி, இறக்கி வைத்தான். "புள்ளே, அந்தத் தண்டையக் கழட்டு. அது ஒரு கனம் இருக்குமில்ல? நடக்காத காலுக்கு எதுக்கு அது?"

"நடக்கற காலு நடந்தே பேர் வாங்கிக்கும். இதுக்குத்தான் அழகு வேணும்" என்றாள். ஆனாலும் கழற்றிக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

சந்தையில் அருணாசலம் அன்று புதுப் பெண்டாட்டி சென்னம்மாளையும் கூட்டிவந்திருந்தார். மலை பார்க்க ஆசைப்பட்டாளாம். ஒரு மரப்பெட்டியின் மேல் அவளை உட்கார வைத்து, "இத விட்டு எந்திரிக்காதே" என்று சொல்லியிருந்தார். அவளும் பொம்மைபோல உட்கார்ந்திருந்தாள். உப்பு வியாபாரம் இன்னும் முடியவில்லை. மிளகு கொண்டுவந்தவர்கள் மூட்டைகளோடு வரிசையாகக் காத்திருந்தார்கள்.

பாவாயியைத் தட்டில் ஏற்றினார்கள். மாதன் டோலியோடு தயாராக நின்றான். அருணாசலம் கற்களை அடுக்கினார். தட்டு மெதுவாக மேலே எழுந்து நின்றது.

"ஏழு மணங்கு. சரியா ஏழு."

கூட்டம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மாதன் டோலியைக் கீழே வைத்தான். "எனக்கும் மனசில்லாம இல்லீங்கக்கா. பள்ளத்துல உருண்டா உங்களோட நாங்களும் போயிருவோம். எனக்கும் ஊட்டுல புள்ளைங்க இருக்குது."

"நீ என்னப்பா பண்ணுவே" என்றாள் பாவாயி. காய்த்துப் போன உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கீழேயிருந்து வந்த ஆளைக் கூப்பிட்டாள். "சின்னாயிகிட்ட அம்மா வரலைன்னு சொல்லிரு சாமி. கனமா இருக்கேன்னு மட்டும் சொல்லாதே. அதுக்கும் சேர்த்து அழுவா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு லேசாக ஆடியது.

சென்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. புருஷன் சொன்னதையும் மறந்து எழுந்து ஓடிவந்து, பாவாயியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு அத்தனை மிளகு மூட்டைக்காரர்களுக்கும் கேட்கும்படி அருணாசலத்தைக் கேட்டாள்:

"ஏனுங்க, உப்பு விக்கற கல்லுல நிறுத்தா ஏழு காட்டாம என்ன காட்டும்? மொளகு வாங்கற கல்லு இந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்குது, அதப் போட்டுப் பாருங்க, பாவம் இந்த அக்கா அஞ்சத் தாண்ட மாட்டாங்க!"