நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை ஐயா

ஆவடி,
10.11.1996

'நீதிப்பறை' ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து கிரேன் ஆபரேட்டர் நாகப்பன் வணங்கி எழுதுவது. தாங்களும் அச்சுக்கூடத்தில் உள்ள அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுத ஆசைதான், தங்கள் பேப்பர் விடவில்லை.

முப்பது வருஷம் ஒருத்தர் தலையிலும் எதையும் போடாமல் கிரேன் ஓட்டியதற்காக டெல்லி எனக்கு ஒரு விருது கொடுத்தது. கொடுக்க வந்த மந்திரி கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பொன்னாடை போர்த்தாமல் நம் ஊரில் மரியாதை முடியுமா? ஃபேக்டரியில் வாங்கி வைத்த சால்வையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட, மந்திரியின் ஆட்கள் காரிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்தார்கள். கரை பூரா அவர்கள் கட்சி நிறம். மறுநாள் அவர்கள் பேப்பரில் கேடயத்தை வெட்டிவிட்டுத் துண்டோடு என் படம், கீழே 'ஆவடித் தொழிலாளி கட்சியில் இணைந்தார்'. அதற்கு மறுநாள் அதே படத்தைத் தாங்கள் போட்டு 'விலைபோன தொழிலாளி' என்றீர்கள். என்னை எவன் ஐயா வாங்கினான்? பழைய இரும்புக் கடைக்காரன்கூட வாங்க மாட்டான் என்கிறாள் என் மனைவி பூங்காவனம். இப்போது ஒர்க்‌ஷாப்பில் பாதிப்பேர் கை கொடுக்கிறார்கள், பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேடயத்தைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

அவர்கள் வராவிட்டால் போகட்டும். நசரத்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் கஜபதிக்குத் தெரிந்தால் போதும். தங்கள் பேப்பரில் வராதது எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊர் வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் விட்டேன். அந்தப் பாவி, அண்ணன் சுவரில் வரைந்து வைத்திருந்த தங்கள் கட்சிச் சின்னத்தையும் சேர்த்து அடித்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து, இந்த வேலைக்கே கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் அவர்தான். மேடையில நின்னுகினு கூட்டத்துல அவர் தலை தெரியுதான்னுதான் ஐயா பாத்துகினு இருந்தேன். வயசு அம்பத்தஞ்சு ஆவுது, சொல்ல வெக்கமா கீது, 'பரவால்லடா'ன்னு அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரான்னு மனசு கெடந்து அடிச்சிக்குது.

ஆகவே ஐயா, சினிமா விளம்பரத்துக்கு அடியிலாவது, நாகப்பன் விருதுதான் வாங்கினார் என்று போடவும். மந்திரியையும் துண்டையும் அழித்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் பேனாவில் மை வற்றாமல் இருக்கத் திருவேற்காட்டு அம்மனை வேண்டிக்கொள்ளும்,
கி. நாகப்பன்

பி.கு.: கவரை ஒட்டும்போது கதவு தட்டும் சத்தம். திறந்தால் அண்ணன்! கையில் தங்கள் பேப்பர். "இன்னாடா, துண்டு போத்திக்கினு பல்ல இளிச்சிகினு நிக்கிற? நம்ம ஊட்டு மானம் இன்னாடா ஆவறது?" என்றபடி உள்ளே வந்தவருக்குப் பூங்காவனம் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே திட்டினார். கேடயத்தை எதிரே வைத்தேன். "புளுகாத, பேப்பர்ல போடல" என்று சொல்லி, ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி திட்டினார். மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து திட்டுவதாகச் சொல்லிவிட்டு இப்போதுதான் பஸ் ஏறினார். ஆகவே ஐயா, மறுப்பு எதுவும் போட வேண்டாம். சனிக்கிழமை பேப்பரில் என்னைப் பற்றி இன்னும் கேவலமாக ஏதாவது போட முடியுமா?