கால்வலிக்காரரின் உத்தியோகம்

கால்வலிக்காரரின் வேலைக்கு இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம்தான் ஆயுள். அதைக் காப்பாற்றும் பொறுப்பு, அவருடைய எதிரியான டீச்சர் தலையில் விழுந்தது.

"இன்னொரு தடவை படிங்க," என்றார் மேஜர்.

டீச்சர் படித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிரியின் தலைமையகம், குன்றின்மேல் இருக்கும் தன் காவல் சாவடிக்கு அன்று காலை ரேடியோவில் அனுப்பிய ரகசியச் செய்தி அது. "மூன்று வாரமாக உன்னிடமிருந்து உருப்படியான தகவல் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளில் எதுவும் வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் வருவான்."

"வரட்டுமே. அவன் எதிரிதானே? வேலை போனா நமக்கென்ன?"

மேஜர் இந்த ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டார். பின்வரிசைப் பிள்ளைகளுக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்போது வரும் அதே பெருமூச்சு.

போருக்கு முன் அவர் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தார். இப்போது, பூட்டிக் கிடந்த ஒரு தையல் மிஷின் கடையின் மாடியில் எதிரியின் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அவங்க தினமும் சாவியை மாத்துறாங்க. எந்த எழுத்துக்குப் பதிலா எந்த எழுத்துங்கிறது ஒவ்வொரு நாளும் வேற. உடைக்கவே முடியாது. ஆனா குன்று மேல உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் இருக்காரே, தினமும் காலை ஆறு மணிக்கு முதல் வரி என்ன அனுப்புவார் தெரியுமா?"

"என்ன?"

"இன்றும் கால்வலி. மற்றபடி நலம்."

"தினமுமா?"

"மழை பெய்தாலும் கால்வலி. பக்கத்தில குண்டு விழுந்தாலும் கால்வலி. அந்த ஒரு வரி இன்னதுன்னு தெரிஞ்சா போதும். அதை வச்சு நூல் பிடிச்சா, டீ ஆறுறதுக்குள்ள அன்னிக்கு உள்ள சாவி கையில. அந்தக் கரையில இருக்கிற மொத்தப் படையும் அதே சாவியிலதான் பேசுது."

மேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஒரே தப்பைத் தினமும் பண்றார் சார். என் கிளாஸா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

"அப்ப ஏன் அவர்கிட்ட தகவலே இல்ல?"

"அவர் அனுப்புறதை எல்லாம் படிச்சுட்டு, அவர் கண்ணுல எதுவுமே படாம நாமதானே எல்லாத்தையும் மறைச்சு வச்சிருக்கோம்? எழுத அவருக்கு என்ன இருக்கு, கால்வலியைத் தவிர?"

"அதாவது, நாம ரொம்ப நல்லா வேலை பார்த்ததால அவர் வேலை போகுது."

"ஆமா சார்."

மேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

டீச்சருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்த படைப்பிரிவில் அவருடைய தம்பி இருந்தான். அம்மா போன பிறகு டீச்சரே வளர்த்த தம்பி. எங்கே குண்டு விழப்போகிறது என்று காலையில் படித்து, அந்தப் பிரிவை அங்கேயும் இங்கேயும் நகர்த்தி நகர்த்தித்தான் அவனை இத்தனை நாளும் முழுசாக வைத்திருந்தார். கால்வலிக்காரர் போய், ஒழுக்கமான ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்தால், தம்பியின் கதி அதோகதி.

"அவருக்கு எழுத ஏதாவது குடுப்போம்," என்றார் டீச்சர்.

அன்று மதியமே ஆறு காலி லாரிகள் தார்ப்பாய் மூடி, குன்றிலிருந்து நன்றாகத் தெரியும்படி ஆற்றோரச் சாலையில் மெதுவாக ஊர்ந்தன. ஒரு தடவைக்கு மூன்று தடவை.

சாயங்காலம் டீச்சர் தங்கள் தலைமையகத்துக்கு அன்றைய அறிக்கையை எழுதி, சங்கேதமாக்கி, ரேடியோக்காரரிடம் நீட்டினார். ரேடியோக்காரருக்கு எல்லோரும் வைத்த பெயர் காது. ஆளுக்குச் சின்னக் காதுதான். ஆனால் இடி இடிக்கும்போதுகூட எதிரி ரேடியோவில் தட்டும் 'கட்டுக்கட' ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்பார்.

"டீச்சர், இந்தக் கடைசி வரியைத் தினமும் போட்டே ஆகணுமா? விரல் வலிக்குது."

"எந்த வரி?"

"'விடை சரிபார்க்கப்பட்டது.'"

"கணக்குன்னா கடைசியில சரிபார்க்கணும். சரிபார்த்தேன்னு எழுதணும். எழுதலைன்னா அரை மார்க் போச்சு."

"இங்க யாரு டீச்சர் மார்க் போடுறா?"

"பேசாம தட்டுங்க."

காது தட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணி. காது எழுதித் தந்த தாளை டீச்சர் பிடுங்காத குறையாக வாங்கினார். டீ ஆறவில்லை, சாவி வந்துவிட்டது. வாசித்ததும் பென்சிலை மேஜைமேல் எறிந்தார்.

"இன்றும் கால்வலி. மற்றபடி நலம். வலி காரணமாக நேற்று மேலே ஏறிப் பார்க்கவில்லை. குறிப்பிட ஒன்றுமில்லை."

"அட கிராதகா!" என்றார் டீச்சர். "ஆறு லாரி, மூணு தடவை! உனக்காகத்தானே விட்டோம்? எட்டிப் பார்க்கிறதுக்குக்கூடவா கால் வலிக்கும்?"

"நாம அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கணும் போலிருக்கே," என்றார் மேஜர்.

"குடுப்போம்."

அன்று அதே லாரிகள், குன்றுக்கு நேர் எதிரே, ஆற்றின் விளிம்பு வரை இறங்கின. ஹாரன்கள் ஓயாமல் அலறின. காலித் தகர டிரம்களை ஏற்றி இறக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். காது கேளாதவனும் எழுந்து உட்காரும் சத்தம்.

பாலத்தடியிலிருந்து தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அங்க என்ன கூத்து? போர்ல ஒளிஞ்சுக்கச் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க மேளம் அடிக்கிறாங்க."

"நீ உன் வேலையைப் பாரு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். பூட்ஸ்தான் லொடலொடன்னு இருக்கு. ரெண்டு மாசமா வேற பூட்ஸ் கேக்கறேன்."

"கேட்டு வாங்கித் தரேன். வை."

மூன்றாம் நாள் காலை. முதலில் கால்வலி, அப்புறம் மற்றபடி நலம். அதற்கடுத்த வரியைப் பார்த்த டீச்சர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

"ஆற்றங்கரையில் லாரிகள். சத்தத்தை வைத்து மதிப்பிட்டதில் நாற்பது."

"நாற்பதா?" என்றார் மேஜர். "ஆறுதானே விட்டோம்?"

"எண்ணத் துப்பில்ல சார். எழுந்து வந்து ஜன்னல் வழியா எண்ணக்கூட இல்ல. படுத்துக்கிட்டே மதிப்பு போட்டிருக்கார்!"

"போகட்டும். வேலை தப்பிச்சுதில்ல?"

வேலை தப்பித்தது. கூடவே வேறு ஒன்றும் வந்து சேர்ந்தது. மதியம் எதிரியின் தலைமையகம் அனுப்பிய பதிலை டீச்சர் உடைத்தார். நாற்பது லாரி என்றால் பாலத்தைக் கடந்து பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பாலத்துக்கு எதிரே பீரங்கிகள் நகர்ந்துகொண்டிருந்தன. தம்பியின் கூடாரத்துக்கு நேர் எதிரே.

ஆனால் கடைசி வரிதான் டீச்சரை நாற்காலியிலேயே ஆணியடித்தது.

"உன் சேவையைப் பாராட்டி, இன்று மாலையே ஒரு மருத்துவர் அனுப்பப்படுகிறார். நாளைக்குள் உன் கால்வலி குணமாகும்."

மேஜர் தாளை வாங்கி மறுபடி படித்தார்.

"குணமாயிட்டா..." என்று இழுத்தார் மேஜர்.

"முதல் வரி போச்சு. சாவி போச்சு. அந்தப் பீரங்கி எப்ப வெடிக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"டாக்டர் சுமாரான டாக்டரா இருக்கணும்னு வேண்டிக்குவோம்," என்றார் காது.

டீச்சர் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். கோபம் வந்தால் அங்கே போய்த் துணி காயப்போடுவார். போடுவதற்குக் காரணமும் இருந்தது. இந்த இடம் ரகசிய அலுவலகம் என்று எதிரிக்குத் தெரியக்கூடாது. சாதாரணக் குடித்தனம் போலத் தெரிய வேண்டும். அதற்காக வந்த நாளிலிருந்து வண்ண வண்ணமாகப் புடவையும் போர்வையும் தொங்கவிட்டிருந்தார். பலன் கண்கூடு. எதிரிலிருந்த வங்கி இடிந்துவிட்டது. பக்கத்துத் தபால் நிலையம் பாதிதான் மிச்சம். இந்த மாடியில் மட்டும் ஒரு கண்ணாடி கீறவில்லை.

சொந்தத் தலைமையகம்கூட ஒருமுறை அவரை மாற்றிவிட்டு, தலைநகரிலிருந்து இளைஞர்களையும் புது இயந்திரம் ஒன்றையும் கொண்டுவரப் பார்த்தது. ஆனால் அந்த வாரமே, காவலே இல்லாமல் மூன்று படகு நிறைய மாவு ஆற்று வளைவில் நிற்பதாக டீச்சர் படித்துச் சொன்னார். படகுகள் பிடிபட்டன. டீச்சருக்குப் பதக்கம் வந்தது. மாற்றல் பேச்சு அத்தோடு அடங்கியது.

"இத்தனை சாதிச்சும், கடைசியில ஒருத்தன் காலை நம்பி நிக்கறேனே," என்று ஒரு போர்வையை ஓங்கி உதறினார்.

நான்காம் நாள் காலை செய்தி வந்தது. டீச்சர் 'இன்றும் கால்வலி' என்று வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. 'கால் குணமாகிவிட்டது', 'கால்வலி இல்லை', 'இன்று நலம்', எதுவும் ஒட்டவில்லை. டீ ஆறி, ஆடை படிந்து, அதில் ஓர் ஈ விழுந்தது.

எட்டு மணி. ஒன்பது மணி. அந்தக் கரையிலிருந்து செய்திகள் சரசரவென்று பறந்தன. காது எழுதி எழுதிக் குவித்தார். ஒன்றையும் படிக்க முடியவில்லை.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, பூட்ஸ் வந்துருச்சு."

"சந்தோஷம். இப்ப போனை வை. எனக்குத் தலைக்கு மேல வேலை."

"சந்தோஷமா? கடிக்குதுக்கா. குதிகால் பூரா கொப்புளம். பழசே தேவல."

"லொடலொடன்னு இருக்குன்னு நீதானே அழுதே? புதுசு வந்தா அதுக்கும் ஒரு..."

டீச்சர் பாதியில் நிறுத்தினார். போனைப் பிடித்த கை அப்படியே நின்றது.

குறை சொல்லிப் பழகியவன் குறையை விடமாட்டான். இடத்தைத்தான் மாற்றுவான்.

"காது! இந்த ஆளுக்கு வேற எங்கயோ வலிக்குது!"

"எங்க டீச்சர்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்!"

தலைவலி. ஒட்டவில்லை. பல்வலி, வயிற்றுவலி, காதுவலி. இல்லை.

"மூட்டு?" என்றார் மேஜர்.

"பார்த்துட்டேன் சார்."

மேஜர் குரலைத் தாழ்த்தினார். "மூலமா இருக்குமோ?"

"அதை எல்லாம் ரேடியோவில அனுப்ப மாட்டாங்க சார்!"

"டாக்டர் வந்து காலைப் பிடிச்சு முறுக்கியிருப்பார்," என்றார் காது யோசனையாக. "எங்க மாமாவுக்கு அப்படித்தான் ஆச்சு. காலை இழுத்தா முதுகுல பிடிச்சுக்கும்."

டீச்சர் எழுதினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. "இன்று முதுகுவலி. மற்றபடி நலம்."

"வாழ்க அந்த டாக்டர்!" என்று மேஜர் மேஜையில் குத்தினார். ஈயோடு டீ கவிழ்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

குவிந்து கிடந்த தாள்கள் மளமளவென்று வாய் திறந்தன. பாலத்தடி கூடாரங்கள்மேல் பீரங்கி முழக்கம், மதியம் இரண்டு மணிக்கு. டீச்சர் போனைச் சுழற்றினார். ஒன்றே காலுக்கு அந்தப் பிரிவு பாலத்தைவிட்டு நகர்ந்தது. இரண்டு மணிக்கு வெறும் கூடாரங்கள் வானத்தில் பறந்தன.

இரண்டரைக்கு மறுபடி போன் அடித்தது.

"அக்கா, நான் நல்லா இருக்கேன். ஓடினதுல பூட்ஸ் ஒண்ணு அங்கயே விழுந்துருச்சு."

டீச்சர் போனை வைத்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அறிக்கை எழுத உட்கார்ந்தார். கடைசியில், "விடை சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினார். அன்று மட்டும் காது முணுமுணுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் சண்டை நின்றது. போன் கம்பிகளை மறுபடி இணைக்க ஆற்றைக் கடந்து ஆட்கள் வந்துபோனார்கள். ஒரு நாள் ஒல்லியான ஓர் இளைஞர், தையல் மிஷின் கடைப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, வாசலில் வந்து நின்றார். கீழே விசாரித்து, டீச்சரைப் பார்த்தே தீர வேண்டும் என்றாராம்.

"நான்தாங்க, குன்று மேல இருந்த ஆபரேட்டர்."

முகம் தெரியாமலே டீச்சர் எத்தனை காலைகள் திட்டிய ஆள்! இவ்வளவு சின்னப் பையனா?

இளைஞர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "கண்ணாடிகூட உடையலையே. சொன்னபடிதான் எங்க ஆளுங்க செஞ்சிருக்காங்க."

"எல்லாம் மொட்டை மாடித் துணியோட மகிமை," என்றார் டீச்சர் பெருமையாக.

இளைஞர் தரையைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தார். "அந்த மூணு படகு மாவு, புழு இல்லாம வந்து சேர்ந்துச்சுங்களா?"

"நல்ல மாவு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் பதில் சொல்வதற்குள் டீச்சருக்கு உபசாரம் நினைவு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல உட்காருங்க. காலை வச்சுக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கீங்க."

"முதுகுதாங்க வலிக்குது. அது நெஜம். எங்க ஏற்பாடு தெரியாத, தலைமையகத்துல இருக்கிற வேற ஒரு ஆபீஸ்தான் எனக்குக் கெடு வச்சதும், அந்த டாக்டரை அனுப்பினதும்."

"என்ன ஏற்பாடு? அப்ப கால்?"

காது ஹெட்போனைக் கழற்றினார். இளைஞர் சங்கடமாக நெளிந்தார்.

"கால்ல எனக்கு எப்பவுமே ஒண்ணும் கிடையாதுங்க. தினமும் கடைசி வரியில 'விடை சரிபார்க்கப்பட்டது'ன்னு போட்டு உங்க சாவியை எங்க கையில குடுக்கிறவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களை மாத்திட்டு வேற ஆளைப் போட்டுடக் கூடாதேன்னு எங்க மேலிடம்தான் எனக்குக் கால்வலியைக் குடுத்துச்சு."