பாருக்குப் போன பொன்னாடை

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "சனிக்கிழமை நான் வாசிக்கிறேன், வா" என்று சொல்லிவிட்டால் போதும். எங்கே, எப்படி, என்ன மாதிரி இடம் என்று ஒன்றும் கேட்கமாட்டோம். வேட்டி, சேலை, முன்வரிசை, பொன்னாடை என்று மூளை தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிடும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் மேடையேறிய எந்தத் தமிழரும் பொன்னாடை இல்லாமல் வீடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை. சதுரங்கப் போட்டியில் மூன்றாம் இடம் வந்த பிள்ளைக்கும் போர்த்தினார்கள். ஒலிபெருக்கியை இறக்கி வைத்தவருக்கும் போர்த்தினார்கள். (அவர் அதைக் காரின் பின்சீற்றில் விரித்திருந்ததை நானே கண்டேன்.) அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ட்வெய்ட்டாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தேன். பஸ் திருத்தும் பட்டறையில் வேலை. தர்சினி என்ற பெண்ணை விரும்பினேன். அவளும் என்னை விரும்பினாள்; அது எப்படி நடந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தாதிப் படிப்புக்காக ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்சோஸில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். தகப்பன் சபாரத்தினம் நோர்வேயின் வடக்குக் கோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், எண்பதுகளிலிருந்து மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் விஷயம் காதில் விழுந்ததும் அவர் சத்தம் போடவில்லை, சாப்பிடாமல் கிடக்கவில்லை. "பெடியனைப் பாக்காமல் ஓம் எண்டும் சொல்லன், இல்லை எண்டும் சொல்லன்" என்று பிளேன் ஏறி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு திரும்பிப் போகிறார். அதற்குள் ஓமோ இல்லையோ சொல்லிவிடுவார் என்று தர்சினி சொல்லியிருந்தாள். வந்தவர் சம்பளம் கேட்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார், பல்கனிக் கதவை ஆட்டிப் பார்த்தார், ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து சொன்னார்:

"எல்லாம் சரி, தம்பி. நாளைக்கு நீர் பழகிற ஆக்களைக் காட்டும்."

நான் பழகிய ஆட்களில் மாமனாருக்குக் காட்டக்கூடிய உருப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஒருவன் விடிய விடியச் சீட்டாடுகிறவன். இன்னொருவன் வாயைத் திறந்தால் தூஷணம். மூன்றாமவன் நல்லவன், ஆனால் தர்சினியை முதலில் பெண் கேட்டவனே அவன்தான்.

அந்த நேரத்தில்தான் ஆர்னெ நினைவுக்கு வந்தார். பட்டறையில் எனக்குப் பக்கத்தில் வேலை செய்த நோர்வீஜியர். அறுபது வயது, அமைதியான மனிதர், மத்தியானம் பாணும் பழுப்புச் சீஸும் தவிர வேறு ஒன்றும் சாப்பிட்டறியாதவர். வாலிபத்திலிருந்து ட்றம்ஸ் அடிக்கிறார். அந்தக் கிழமைதான் கையைத் துடைத்துக்கொண்டே, "சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் குழு வாசிக்கிறது, விருப்பமென்றால் வா" என்று ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்திருந்தார். வெள்ளைக்காரக் கலைஞர், வயதில் மூத்தவர், என்னை மதித்து அழைத்திருக்கிறார். இதைவிட நல்ல கூட்டாளியை எங்கே தேடுவது? உடனே தர்சினிக்குப் போன் போட்டேன்.

"எந்த ஹோலிலை?" என்று கேட்டாள்.

"தொயன் பக்கம். விலாசம் தந்தவர்."

"என்ன மாதிரி இடம் எண்டு கேட்டனீங்களோ?"

"அறுபது வயசு மனிசன், தர்சினி. அவர் என்ன கண்ட கண்ட இடத்திலையோ வாசிக்கப் போறார்?"

"சரி. வேட்டி கட்டப் போறன் எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. கட்டினேன்.

கரை போட்ட வேட்டி, வெள்ளைச் சேட், அதற்கு மேல் குளிர் ஜக்கெற், காலில் பனிச் சப்பாத்து. (இந்தக் கோலத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தவனும் நான்தான்.) தமிழ்க் கடையில் வாங்கிய சிவப்புப் பொன்னாடையை ஒரு பையில் வைத்துக்கொண்டு தொயன் நிலத்தடி ரயில் நிலையத்துக்குப் போனேன். சபாரத்தினம் அங்கிள் தடித்த ஜக்கெற்றும் முழங்கால் வரை சப்பாத்துமாக நின்றார்.

"கோயிலுக்கோ, தம்பி, போறம்?"

"இல்லை அங்கிள். ஒரு கலைஞரைக் கனம் பண்ணப் போறம்."

"ம்" என்றார். அவருடைய 'ம்' எந்தப் பக்கமும் சாயாது.

விலாசத்துக்கு வந்து சேர்ந்தபோது கார்த்திகை மாதத்து இருட்டு. ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். பெயர்ப்பலகையில் பாதி லைற் எரிந்தது. உள்ளே புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்த புதிது, அதனால் வாசலில் ஒரு கூட்டம் நின்று புகைத்துக்கொண்டிருந்தது. என் வேட்டியைக் கண்டதும் அவர்கள் வழிவிட்டார்கள். எனக்கு அது மரியாதையாகப் பட்டது.

கதவைத் திறந்ததும் பியர் மணம் முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் மண்ணிறம். நிலத்தில் சப்பாத்து ஒட்டி ஒட்டிக் கழன்றது. ஒரு மேசைக்குக் கீழே கிழட்டு நாய் ஒன்று நித்திரை. மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், எங்கள் குசினி மேசையளவில் ஒரு பலகை மேடை. முன்வரிசை என்று ஒன்று இல்லை. வரிசையே இல்லை.

"இது முன்பக்கம், அங்கிள்" என்றேன். "ஹோல் பின்னுக்கு இருக்கும்."

பின்னுக்குப் போனேன். வெற்றுப் பியர்ப் பெட்டிகள் இருந்தன. திரும்பி வந்தபோது அங்கிள் ஒரு மேசையில் வசதியாக இருந்துவிட்டார். இதோடு என் கதை முடிந்தது என்று விளங்கியது. பெண் கேட்டு நிற்கிறவன், பெண்ணின் தகப்பனைச் சாராயக்கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கைகளெல்லாம் பச்சை குத்திய பார்க்காரி வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் இந்தப் பழக்கமெல்லாம் இல்லாதவன் என்பதை அங்கிளுக்கு நிரூபிக்க அதைவிட்டால் வேறு தருணம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"பால் இருக்கிறதா?" என்று உரத்துக் கேட்டேன்.

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் உள்ளே போய், கோப்பிக்கு ஊற்றும் சின்னஞ்சிறு பால் குப்பிகளை உடைத்து, விஸ்கி குடிக்கும் குட்டிக் கிளாஸில் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அங்கிள் கோப்பி கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த நோர்வீஜியன் அசல் வடக்குத் தொழிற்சாலை நோர்வீஜியன். அவள் நின்றுவிட்டாள். அவளும் வடக்குத்தான். தமையன் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வள்ளத்தில் போகிறவனாம். பிறகென்ன, இருவரும் புயலையும் மீன் விலையையும் கதைக்கத் தொடங்கினார்கள். நான் என் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு ஆர்னெ மேடையேறினார். பட்டறையில் ஒரு சொல் அதிகமாகப் பேசாத அந்த மனிதர் கையில்லாத பெனியனோடு ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்து அடித்த அடியில் என் பால் கிளாஸ் மேசையில் நகர்ந்தது. நாய் மட்டும் எழும்பவில்லை. நான் அங்கிளின் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தேன். கை தொடையில் தாளம் போட்டது.

"ஆள் பிசகேல்லை" என்றார். பிறகு என் மடியைக் காட்டி, "உந்தப் பைக்குள்ளை என்ன?"

பொய் சொல்ல யோசித்தேன்.

"பொன்னாடை, அங்கிள்."

"அப்ப போடுமன். கொண்டந்ததைத் திருப்பிக் கொண்டுபோறதே?"

சூடாக இருந்ததால் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு எழுந்தேன். பாட்டு முடியட்டும் என்று மேடைக்குப் பக்கத்தில் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேன். முடிந்தது. எல்லா வாத்தியங்களும் ஒரேயடியாக நின்றன. நான் கைதட்டினேன். (நான் மட்டும்தான் தட்டினேன் என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.) மேடையில் ஏறி, ஆர்னெக்குப் பின்னால் போய், எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் செய்வதுபோல ஒரு புன்னகையோடு பொன்னாடையை அவர் தோளில் இறக்கினேன்.

பாட்டு முடியவில்லை. அந்த வகைப் பாட்டில் இடையில் ஒருமுறை எல்லோரும் மூச்சைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு சேர்ந்து விழுவார்களாம். சேர்ந்து விழுந்தார்கள். ஆர்னெயின் இரண்டு கைகளும் மேலே போனபோது பொன்னாடையும் போய், இறங்கும்போது அவர் தலைக்கு மேலால் விழுந்து முகத்தை மூடியது. அந்த மனிதர் நிறுத்தவில்லை. கண் தெரியாமலே அடித்தார். சரிகையில் குச்சி மாட்டியது. பித்தளைத் தட்டு ஒன்று தண்டோடு சாய்ந்து, கிற்றார்காரர் காலடியில் விழுந்து சுழன்றது. நான் பயந்து பின்னால் ஓர் அடி வைத்தேன். என் வேட்டியின் ஒரு தலைப்பு அப்போது ட்றம்ஸின் மிதிகட்டைக்குள் போயிருந்தது. ஆர்னெ மிதித்தார். நான் இறங்கினேன். வேட்டி இறங்கவில்லை.

இசை நின்றது. இந்த முறை உண்மையாகவே நின்றது.

பலகை மேடைக்குக் கீழே, நிறைந்த சனத்துக்கு நடுவில், வெள்ளைச் சேட்டும் சாம்பல் நிறக் கம்பளி உள்காற்சட்டையுமாக நான் நின்றேன். இறுக்கமானது, கணுக்கால் வரை நீண்டது, பின்பக்கம் கொஞ்சம் தொய்ந்தது. எங்கிருந்தோ ஒரு கிழவர் "கம்பளி!" என்று கத்திக் கிளாஸை உயர்த்தினார். அவ்வளவுதான், பார் முழுவதும் எழுந்து கைதட்டியது. ஆர்னெ பொன்னாடைக்குள்ளிருந்து மெல்லத் தலையை வெளியே எடுத்து, "நீ வந்தது சந்தோசம்" என்றார். பட்டறையிலும் அவர் அதே குரலில்தான் காலை வணக்கம் சொல்வார்.

சபாரத்தினம் அங்கிள் எழும்பி வருவதைக் கண்டேன். தர்சினியின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஓடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் வெளியே கடும் குளிர், நான் நின்ற கோலமோ இது. அவர் வந்தார். குனிந்தார். கடையில் துணி பார்க்கிறவரைப்போல என் முழங்காலடியில் இரண்டு விரலால் பிடித்து உரசிப் பார்த்தார்.

"கலப்போ?"

"இல்லை அங்கிள். முழுக் கம்பளி."

"ம்."

பிறகு மேடையில் கிடந்த வேட்டியை எடுத்து, உதறி, எனக்கு முன்னால் திரையாகப் பிடித்தார். நான் அதற்குள் நின்று கட்டினேன். கட்டு மூன்று தரம் அவிழ்ந்தது. அவர் அலுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டுக் கச்சேரி முடியும்வரை இருந்துவிட்டுத்தான் வந்தோம். ஆர்னெ மிச்சப் பாட்டெல்லாவற்றையும் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசித்தார். பிறகு ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அவர் ரொம்சோஸ் ரயில் எடுக்க வேண்டும், நான் ட்வெய்ட்டா ரயில். ரயில் மேடையில் நின்றபோதுதான் அங்கிள் வாயைத் திறந்தார்.

"நான் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்த முதல் வருஷம், கொழும்பிலை தைச்ச காற்சட்டையோடை வந்தனான். ஸ்ரைலா இருக்கும். மீன் தண்ணிக்குள்ளை நிண்டு முழங்கால் விறைச்சு, கக்கூசுக்குள்ளை போயிருந்து அழுதிருக்கிறன். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. பக்கத்திலை நிண்டு மீன் வெட்டின மனிசி ஒருநாள் தன்ரை புருசன்ரை கம்பளியைக் கொண்டந்து தந்தது. அதுக்குப் பிறகுதான் நான் இந்த நாட்டிலை மனிசனாய் நிண்டது."

அவர் என் ஜக்கெற்றுக்குக் கீழே தெரிந்த வேட்டியைப் பார்த்தார்.

"இஞ்சை ஒஸ்லோப் பெடியள் எல்லாம் மைனஸ் பதினைஞ்சிலையும் மெல்லிய ஜீன்ஸோடை திரியுறாங்கள். அப்பிடி ஒருத்தனிட்டை இவள் போய் விறைச்சுப் போவாளோ எண்டுதான் எனக்குப் பயம். வேட்டிக்குள்ளையும் கம்பளி போடுற பெடியனை நான் இண்டைக்குத்தான் காணுறன். தன்னைக் குளிர் படாமல் பாக்கிறவன் அவளையும் பாப்பான்."

அவருடைய ரயில் வந்தது. ஏறி நின்று, கதவு மூடுவதற்கு முதல் சொன்னார்: "இனி அங்கிள் எண்டு கூப்பிடாதையும். மாமா எண்டு கூப்பிடும்."

ரயில் போனபிறகுதான் "சரி மாமா" என்றேன், அதுவும் வெற்றுத் தண்டவாளத்தைப் பார்த்து.

மாமா இந்தக் கதையைச் சொல்லாத கலியாண வீடு இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மாப்பிள்ளை பார்த்தால் படிப்பு, வேலை, சாதகம் எல்லாம் விசாரித்து முடிந்ததும் யாராவது ஒருவர், "அதெல்லாம் சரி, பெடியன் உள்ளுக்கு என்ன போடுறவராம்?" என்று கேட்பார். சபை சிரிக்கும். மாமா சிரிக்கமாட்டார், அது அவருக்கு உண்மையான கேள்வி.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது. அன்று காலை எனக்குப் பட்டறையில் வேலை. ஐஸ்போல் குளிர்ந்த சீமெந்தில் படுத்துக்கிடந்து பஸ்ஸுக்குக் கீழே வேலை செய்யப் போட்டது அந்தக் காற்சட்டை. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றச் சோம்பலாக இருந்தது, அதற்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டேன். கலியாணம் முடிந்த சந்தோசத்தில் இதைத் தர்சினியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது சாப்பாடு முடிந்து நான் மெல்லச் சோபாப் பக்கம் நகரும்போதெல்லாம் அவள் போனைக் கையில் எடுத்து, "அப்பாவுக்கு ஒருக்கா அடிக்கட்டோ?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவன் நான்தான்.