விளைந்த வயலுக்கு வழி இல்லை

எங்கே கிளம்புவதென்றாலும் எல்லோருக்கும் முன்னால் தயாராகி வாசலில் நிற்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம். எங்களால் உலகத்துக்கு எந்த நன்மையும் கிடையாது என்பதை லால்குடிப் பக்கம் ஒரு நெல்வயலில் தெரிந்துகொண்டேன்.

வயல் என் மச்சினன் செந்திலுடையது. அதில் விளையும் நெல்தான் அவன் வீட்டுக்கும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கும் வருஷச் சாப்பாடு. சில வருஷங்களாகக் கதிர் பூக்கிற நேரம் பார்த்து மழை கொட்டி, விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் மாறும் பருவநிலைக்கேற்ற நெல் சாகுபடி பற்றி ஒருநாள் வகுப்பு நடந்தது. போனேன். (நான் ஆபீசில் ஃபைல் பார்ப்பவன். மதியம் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தார்கள்.) திரும்பும்போது தலையில் ஓர் இலவசத் தொப்பி, தொப்பிக்குள் ஒரு விஞ்ஞானி.

"செந்தில், வானம் மாறிப்போச்சு. வாய்க்கால் தண்ணிக்குக் காத்திருக்காம, போர் தண்ணியில குறுகிய கால ரகமா முன்னாடியே விதைச்சிடணும். ஐப்பசி மழைக்குள்ள அறுத்துடலாம்."

"மாமா, அதுல ஒரு விஷயம்..."

"குறுக்கே பேசாதே, பாயிண்ட் விட்டுப்போயிடும்."

என் மனைவி கோமதி தம்பியைக் கெஞ்சினாள். "ஒரு போகம் விட்டுக்கொடுடா. இல்லேன்னா தினமும் எனக்கு வகுப்பு எடுப்பாரு."

விதைத்தோம். அப்போது சுற்றிலும் தரிசு. டிராக்டர் நினைத்த பக்கமெல்லாம் வந்து போனது. பிறகு வாய்க்காலில் தண்ணீர் வர, மற்றவர்கள் சாவகாசமாகச் சம்பா நட்டார்கள். ஞாயிறுதோறும் தொப்பியுடன் வரப்பில் நின்று, ரோட்டோர வயல்காரர் தங்கராசுவுக்கு அறிவுரை வழங்கினேன். பயிர் என்னை ஏமாற்றவில்லை. மழைக்கு முன்பே எங்கள் வயல் மட்டும் பழுத்து மின்னியது. சுற்றிலும் ஒரே பச்சை. படமெடுத்து உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

அறுவடை மெஷின் வந்தது. ரோட்டிலேயே நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார்.

"வயல் எதுங்க?"

"அதோ, நடுவுல மஞ்சளா."

"அது தெரியுது. எப்படிப் போறது?"

எங்கள் பக்கம் எல்லோரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுப்பது ஏன் என்று அந்த நிமிஷம் விளங்கியது. ரோட்டோர வயலை அறுத்த பிறகுதான் மெஷின் அதன் மேல் ஏறி உள்வயலுக்குப் போக முடியும். வேறு பாதை கிடையாது.

தங்கராசுவிடம் போய், "ஒரு ஓரமா விட்டீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"தாராளமா போகலாங்க. தை மாசம் வாங்க."

செந்தில் பக்கம் திரும்பினேன். "ஏன்டா முன்னாடியே சொல்லலே?"

"சொல்லத்தான் வந்தேன். பாயிண்ட் விட்டுப்போயிடும்னீங்க. சரி, வகுப்புக்கெல்லாம் போன ஆளு, ஹெலிகாப்டர் ஏற்பாடு பண்ணியிருப்பீங்கனு விட்டுட்டேன்."

மெஷின் திரும்பிப் போனது. அரிவாளால் அறுக்க ஆள் தேடினோம். அவர்களும் தை மாசம் வருவதாகத்தான் சொன்னார்கள். எந்த மழைக்குத் தப்பிக்க விதைத்தோமோ, அதே மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. (அதுவும் என் ரகம் போலிருக்கிறது.) சுற்றியிருந்த பச்சைப் பயிர் ஆசையாகக் குடித்தது. எங்கள் கதிர் சாய்ந்து, கிடந்த இடத்திலேயே முளைவிட்டது. நானும் செந்திலும் கோமதியும் சேற்றில் இறங்கி மிஞ்சியதை அறுத்தோம். தொப்பி வாய்க்காலோடு போனது. அன்று டைரியில் 'மழை. வேறு விசேஷமில்லை' என்று எழுதினேன்.

அரைத்தபோது பெரும்பாலும் நொய்தான் வந்தது. இரண்டு வீட்டிலும் வருஷம் முழுக்கக் கஞ்சி. இப்போது செந்தில் அதே குறுகிய கால ரகத்தைத்தான் விதைக்கிறான். தங்கராசு முதலாக ரோட்டோரக்காரர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசி, ஒரே சமயத்தில். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். வழக்கம்போல் செருப்பு மாட்டி வாசலில் நின்று, "இன்னும் ஆகலையா?" என்று குரல் கொடுத்தேன்.

உள்ளே கோமதி மகளிடம் சொல்வது கேட்டது.

"உங்கப்பா பழுத்து நிக்கிறாரு. நிக்கட்டும். ரோட்டோரம் இன்னும் தலையே வாரலை."