துளையில்லாத் தேன்கூடு

புகைபோக்கி கக்கும் நச்சுப்புகையைத் தூய காற்றாக மாற்றுவது நாகரிக உலகின் தலையாய கடமை என்பதைத் தொழிற்சாலை மேலிடம் ஒருநாள் உணர்ந்தது. உணர்ந்த கையோடு, அதற்குரிய வினையூக்கியை வடிவமைக்கும் பொறுப்பைப் பொறியாளர் அம்மையாரிடம் ஒப்படைத்தது. புகை குறையாவிட்டால் வேலை போய்விடும் என்ற அன்பான குறிப்பையும் சேர்த்தது.

அம்மையார் ஊண் உறக்கம் மறந்து, பீங்கானில் தேன்கூடு போன்றதொரு கட்டியை உருவாக்கினார். நெடுகிலும் நேரான நுண்துளைகள். உட்சுவர்களில் வினையூக்கிப் பூச்சு. துளைக்குள் நுழையும் புகை சுவரை உரசிச் செல்லும்போது நஞ்சு முறிந்துவிடும்.

கட்டி கிடங்குக்குப் போயிற்று. கிடங்கு அதிகாரி அம்மையாரின் சொந்தச் சித்தப்பா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரே ஓட்டையா இருக்கு? அந்தப் பக்கம் தெரியுதே!"

"தெரியணும் சித்தப்பா. அது வழியாத்தான் புகை போகும்."

"வீட்டுலதான் சித்தப்பா. இங்கே அதிகாரி. ஓட்டைப் பொருளை வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அது வாளிக்குப் போட்ட விதிங்க, ஐயா!"

"வாளிக்கு ஒரு நீதி, உனக்கு ஒரு நீதியா? சொந்தக்காரப் பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டான்னு ஊரே சிரிக்காதா?"

குடும்ப மானத்தைக் காக்கும் பொருட்டு, துளைகள் அனைத்தும் சிமெண்டால் செவ்வனே அடைக்கப்பட்டன. கட்டி ஏற்கப்பட்டுப் புகைபோக்கிக்குள் பொருத்தப்பட்டது.

சோதனை நாளன்று மேலிடம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. மருந்துக்கும் புகை இல்லை. கீழே உலை மூச்சுத் திணறி அணைந்து கிடந்தது. ஆனால் அளவைக்கருவி புகைபோக்கியின் உச்சியில் அல்லவா இருந்தது!

"சுத்தமா பூஜ்யம்!" என்று மேலாளர் கைதட்டினார்.

"ஐயா, உலையே அணைஞ்சுபோச்சு..."

"பாத்தீங்களா, எரிபொருளும் மிச்சம்!"

சித்தப்பா பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "வேலை தப்பிச்சுது. வாயை மூடு."

துளைகளோடு துளையாக அம்மையாரின் வாயும் அடைபட்டது. மேலிடம் மகிழ்ந்து அளித்த விருதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சிமெண்ட் அடைத்த தேன்கூடு இல்லாத தொழிற்சாலை பத்தாம்பசலி என்றாயிற்று. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன, கதவுகள் மூடின. புகையே இல்லாத ஊருக்குப் புகைப் பொறியாளர் எதற்கு? பொருளே வராத கிடங்குக்கு அதிகாரி எதற்கு? வேலையிழந்த ஊரார் அனைவரும் வீதியில் நின்று, தெளிந்த வானத்தை ஆசைதீரப் பார்த்தார்கள். அதற்கு நேரமும் ஏராளமாக இருந்தது.

"எவ்வளவு சுத்தம் பாரும்மா!" என்றார் அருகில் நின்ற முன்னாள் கிடங்கு அதிகாரி.

அம்மையார் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இனிமே சித்தப்பான்னே கூப்பிடலாமா?"