கெயினை முழுக்கத் திருகியதால் வந்த மானக்கேடு

செஞ்சி
தவக்காலம், நான்காம் வாரம்

அன்பு மச்சான் அருள்ஜோதிக்கு, உன் அக்காள் புருஷன் பிலவேந்திரன் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஓசூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கு உன் அக்கா ரீட்டா சுகம். நானும் சுகம்தான், என் மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலில் என் பங்கை வீட்டிலேயே பதிவுசெய்து அனுப்புவதாகவும், அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு நீ வந்து கோயிலில் என்னோடு மாற்றி மாற்றிப் பாடுவதாகவும் பேசியிருந்தோம் அல்லவா. மைக்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ப்ரீஆம்ப் என்று தனியாக ஒரு பெட்டி வாங்கி இடையில் வைத்தால் குரலைத் தூக்கிக் கொடுக்கும் என்று நீதான் சொன்னாய். "மாமா, நாய்ஸ் இல்லாததா பாத்து வாங்குங்க, சின்னதே போதும்" என்றும் சொன்னாய். நாய்ஸ் என்றால் இரைச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை மச்சான், சத்தம் என்றே நினைத்தேன். சத்தமே போடாத பெட்டியை எதற்கு வாங்குவது, நான் பெரிதாகப் பாடிவிடுவேன் என்று பயப்படுகிறான் பயல் என்று எண்ணிக்கொண்டேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் மைக்செட்தானே. மேல்மலையனூர் அமாவாசைக்குக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய் எத்தனை ஊருக்குக் கேட்கிறதோ அத்தனை உசத்தி. ஆகவே குரலைத் தூக்கும் கெயின் என்கிறார்களே, அது இருப்பதிலேயே அதிகமான பெட்டியாகக் கேட்டு வாங்கினேன். வீட்டில் பாடுவதற்கு இவ்வளவு எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, எங்கள் ஊர் பெரிய ஊர் என்றேன். ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, கெயின் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டுப் பாடினேன்.

அது கேட்காதது ஒன்றுமில்லை. அவலூர்பேட்டை பஸ்ஸின் ஹாரன், அடுத்த வீட்டுக் குக்கர், என் வயிற்றின் சத்தம் எல்லாம் விழுந்திருக்கிறது. மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் உன்னை நினைத்து வாய்க்குள் நான் முணுமுணுத்ததும் விழுந்துவிட்டது: "இவன் இன்னாத்த பாடப் போறான், கன்னுக்குட்டிய அவுத்துவுட்டாப்ல கத்துவான், என் பாட்டும் கெட்டுடும்." நம் கோயில் பங்கின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிய பிறகுதான் கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அந்தக் குழுவில் நீ இருக்கிறாய், பங்குச் சாமியாரும் இருக்கிறார். உடனே போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். பூசைக்குப் போனால் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, முடிவதற்குள் நழுவி வந்துவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். உன் குரல் நல்ல குரல். எனக்கு உச்சம் எட்டாமல் போனதிலிருந்து அதன்மேல் பொறாமை, அவ்வளவுதான். நீ வராவிட்டால் இரண்டாம் குரலுக்கு ஆளில்லை, இந்த வருஷம் புலம்பலே நின்றுபோகும். மன்னித்து வா.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். உன் வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல், வேறு எதையும் சொல்லாதே.

தலைநிமிர முடியாத உன் மாமா,
பிலவேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ரீட்டா தன் போனைப் பார்த்து ஒரு செய்தி சொன்னாள். நான் குழுவுக்கு அனுப்பியது பாட்டே இல்லையாம். பாட்டு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஏதோ ஒரு கோப்பாம். ஒருவருக்கும் திறக்கவில்லையாம். திரும்ப அனுப்பச் சொல்லி நீயும் சாமியாரும் தினமும் கேட்கிறீர்களாம். சரி, கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவள், "அப்படி இன்னாதான் பாடனீங்கன்னு நானாவது கேக்கறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னது மூச்சு வாங்கிய முதல் நிறுத்தத்தில். இரண்டாவது நிறுத்தத்தில் சொன்னது அவளைப் பற்றி. ஆகவே மன்னிப்பை நீயே வைத்துக்கொள், உன் அக்காவைச் சமாதானப்படுத்தவாவது உடனே வந்து சேர்.